தூக்கிய காலும் சமனில் நின்ற ஆட்டமும்

தில்லைக் காளியின் கதையைச் சொல்லும்படி என் மாணவிகளைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடினார்கள். சிவன் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கினார். காளி வெட்கப்பட்டு நின்றாள், தோற்றாள். “அதனாலதான் மேடம் அவ ஊருக்கு வெளிய இருக்கா” என்று சிதம்பரத்துப் பெண்கள் கூடுதலாக ஒரு வரி சேர்ப்பார்கள். கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்த நான்காவது வரி தெரிந்திருக்காது, முதல் மூன்றும் தெரியும்.

இந்தச் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் விடுபடுகிறது. கால் தூக்கப்படுவதற்கு முன்பு வரை ஆட்டம் சமனில் நின்றது என்பதுதான் அது. கதையின் எந்த வடிவத்தை எடுத்தாலும் இந்தக் கட்டம் இருக்கிறது. அவர் ஆடியதையெல்லாம் அவளும் ஆடினாள். ஒன்றுக்கொன்று குறைவில்லை. யார் பெரியவர் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. கதை இவ்வளவு தெளிவாக ஒரு பெண்ணின் ஆட்டத்தை ஆணின் ஆட்டத்துக்குச் சமமென்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட மறுநொடியே அதைத் தாங்க முடியாமல் வேறொரு வழி தேடுகிறது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த ஒப்புதலை விட்டுவிட்டு வழியை மட்டும் சொல்கிறோம்.

நடராசர் கோயிலின் ஐந்து சபைகளில் ஒன்றான நிருத்த சபைதான் போட்டி நடந்த இடம் என்பது மரபு. பொன்னம்பலத்துக்கு எதிரே, சக்கரமும் குதிரைகளும் பூட்டிய தேர் போலக் கட்டப்பட்ட மண்டபம் அது. ஊர்த்துவ தாண்டவர் அங்கே கால் உயர்த்தி நிற்கிறார். திருவாலங்காட்டிலும் இதே போட்டி உண்டு. அங்கே காதிலிருந்து விழுந்த குழையைக் கால் விரலால் எடுத்துக் காதிலேயே மாட்டிக்கொண்டார் என்பார்கள். எந்த ஊர்க் கதையானாலும் முடிவைத் தீர்மானிப்பது ஒரே அசைவு. ஆட்டத்தின் நுட்பத்தில் அவள் குறைந்துபோகவில்லை. அந்த அசைவைச் செய்யும் உடல்திறன் அவளுக்கு இல்லையென்றும் யாரும் சொல்வதில்லை. பெண் அதைச் செய்யக் கூடாது என்பதுதான் காரணம். போட்டிக்குள் எங்கும் எழுதியிராத ஒரு விதி, போட்டிக்கு வெளியே இருந்து, சமன் ஆன பிறகு வந்து சேர்கிறது.

அதே கோயிலுக்குள் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராசப் பெருமாளோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைவடிவம் ஒன்று உண்டு. அதில் திருமால்தான் நடுவர். ஆட்டம் முடிவுக்கு வராதபோது சிவன் அவரிடம் வழி கேட்கிறார், நடுவரோ காலைத் தூக்கும் தோற்றத்தைக் காட்டிக்கொடுக்கிறார். தங்கை ஆடும் போட்டியில் அண்ணன் நடுவராக உட்கார்ந்து மைத்துனருக்குக் குறிப்புக் கொடுத்திருக்கிறார்! ஒரு பள்ளிக்கூடத்துக் கபடிப் போட்டியில் நடுவர் இப்படிச் செய்தால் அந்த ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிடும். கதையில் செய்தால் லீலை என்கிறோம். பக்தியைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. காளிக்கு விளக்குப் போடுகிற பெண்களில் நானும் ஒருத்தி. ஆனால் கதையை இலக்கியமாக வாசிக்கும்போது நடுவர் என்ன செய்தார் என்று கேட்காமல் கடக்க முடியவில்லை.

பெண் கால் தூக்கி ஆடுவதை நாட்டிய சாத்திரம் தடுக்கிறது என்று அந்தக் கதையிலேயே காரணமும் சொல்லப்படுகிறது. இதைக் கேட்டுவிட்டு அதே கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலுக்குள் நுழைந்து இருபுறமும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்களும் அங்கே கல்லில் வரிசையாக நிற்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பங்களோடு அந்த நூலின் சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் கரணங்களை ஆடுபவர் சிவன், அதுவும் 81 மட்டுமே முடிந்திருக்கின்றன. சிதம்பரத்தில் ஆடுபவர்கள் பெண்கள். லலாட திலகம் என்றொரு கரணம் இருக்கிறது. கால் தலையளவுக்கு உயர்ந்து, பெருவிரல் நெற்றிக்குத் திலகமிட வருவது. ஊர்த்துவ தாண்டவத்தோடு சேர்த்துப் பேசப்படும் கரணம் இது. கோபுர வாயிலில் அதையும் பெண்தான் ஆடுகிறாள். பக்கத்தில் தாளக்காரர் நிற்கிறார். அவள் முகத்தில் கூச்சம் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களை ஆய்வு செய்த பத்மா சுப்ரமணியம் பின்னர் அவற்றைத் தம் உடலாலேயே ஆடிக் காட்டினார். ஆக, உள்ளே ஒரு மண்டபத்தில் ‘பெண்ணால் முடியாது’ என்று கதை சொல்கிறது, வெளியே வாயிலில் எந்நேரமும் ஒரு பெண் அதையே செய்துகொண்டிருக்கிறாள். நாலு வாயில் வழியாகவும் தினம் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். செருப்பு எங்கே விடுவது என்ற கவலையில் நிமிர்ந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

தோற்றவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று? அவள் கோபம் அடங்கவில்லை. எல்லைக்குப் போனாள். நான்முகன் வேதம் ஓதிப் புகழ்ந்து அவளைத் தணித்தான், அவள் நான்கு முகத்தோடு அமைதியானாள் என்று தலபுராணம் சொல்கிறது. ஊரின் வடபுறத்தில் கோப்பெருஞ்சிங்கன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தில்லைக் காளி கோயிலில் உக்கிரமானவளும் சாந்தமானவளும் இரண்டு வடிவில் இருக்கிறார்கள். தோல்வியை ஏற்றுக்கொள்ளாத பெண்ணின் கோபத்தை அவளைப் புகழ்ந்தே அடக்க வேண்டியிருந்தது என்று இதை வாசிக்கலாம். முறைகேடு நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கோபம் என்றும் வாசிக்கலாம். இரண்டாவது வாசிப்பை நான் வகுப்பில் சொன்னால் சில பெண்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தில்லையிலேயே இன்னொரு போட்டியும் நடந்தது என்கிறது மரபு. ஈழத்துப் பௌத்தர்களோடு மாணிக்கவாசகர் வாதம் செய்தார். ஊமையாயிருந்த ஈழத்து மன்னனின் மகள் பேசத் தொடங்கினாள், பௌத்தர்களின் கேள்விகளுக்கு அவளே விடை சொன்னாள், அதுவே திருச்சாழல் ஆயிற்று என்பது கதை. வாதத்தில் வென்றவராக நாம் நினைவில் வைத்திருப்பது மாணிக்கவாசகரை. பேசியது ஒரு பெண்குழந்தையின் வாய். அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட நம் நினைவில் இல்லை.

புராணத்தை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் திருச்சாழல் வேறு மாதிரித் தெரிகிறது. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ‘அடி’ போட்டுக் கேட்டும் பதில் சொல்லியும் ஆடும் விளையாட்டு அது. ஒருத்தி குறை சொல்கிறாள்: சாம்பல் பூசுகிறான், சுடுகாட்டில் இருக்கிறான், என்ன கடவுள் இவன் என்று. மற்றவள் ஒவ்வொன்றுக்கும் விடை தருகிறாள். ஒரு பாட்டில், தில்லையில் அவன் ஏன் ஆடுகிறான் என்ற கேள்விக்கு, ஆடாவிட்டால் உலகமெல்லாம் காளிக்கு இரையாகியிருக்கும் என்று பதில் வருகிறது. காளி அங்கே ஆட்டக்காரியாகக்கூட இல்லை, ஆபத்தாகிவிட்டாள். ஒரு பெண்ணின் வாயிலிருந்தே அந்தப் பதில் வருவது என்னை உறுத்துகிறது. ஆனாலும் அந்த விளையாட்டின் வடிவம் எனக்குப் பிடிக்கும். கேட்டவள் தோற்றாள் என்று பாட்டு எங்கும் சொல்லவில்லை. பதில் கேட்டு வாயடைத்துப் போகாமல் அடுத்த கேள்வியோடு வருகிறாள், இருபது தடவை. திருவாசகத்தில் பெண்கள் ஆடுவதாக வரும் மற்ற ஆட்டங்களையும் பாருங்கள். அம்மானை, பொன்னூசல், பூவல்லி, தெள்ளேணம். எதிலும் புள்ளி கணக்குக் கிடையாது.

இதைச் சொல்லி ‘பெண்கள் இயல்பிலேயே போட்டி விரும்பாதவர்கள்’ என்று முடித்துவிட ஆசை வரும். பெண்ணியம் பேசும் கட்டுரைகள் சிலவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாயமும் பல்லாங்குழியும் ஆடும் பெண்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் பாட்டி வெட்டிய காய்க்காகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததுண்டு. பெண்களுக்குப் போட்டி மனம் இருக்கிறது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயிற்சியும் கூடவே இருக்கிறது.

கல்லூரிகளில் பெண்களுக்கென்று நடத்தும் போட்டிகளின் பட்டியலே இதற்குச் சாட்சி. கோலம், மருதாணி, அடுப்பில்லாச் சமையல், இசை நாற்காலி. மார்ச் 8ஆம் தேதிகூட இந்தப் பட்டியலில் பெரிய மாற்றம் இருப்பதில்லை. இதற்கு நடுவில் கவிதையும் பேச்சும் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும். இரண்டு பெண்கள் ஒரே மதிப்பெண் வாங்கிவிட்டால் என்ன நடக்கிறது என்பதை நான் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். கோப்பை ஒன்றுதான் வாங்கியிருப்பார்கள். சான்றிதழ் ஒன்றுதான் அடித்திருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்பார் ஒருவர். “நீ ஃபைனல் இயர்தானே, சின்னப் பொண்ணுக்கு விட்டுக்குடும்மா” என்பார் இன்னொருவர். சில சமயம் இது தலைகீழாகவும் நடக்கும்: “அவளுக்கு இதுதான் கடைசி வருஷம், நீ அடுத்த வருஷம் வாங்கிக்கோ.” எந்தப் பக்கம் சொன்னாலும் வினை ஒன்றுதான், விட்டுக்கொடுப்பது. பையன்கள் போட்டியில் இதே நிலை வந்தால் மறுபடி ஒரு சுற்று வைக்கிறார்கள். பெண்களிடம் குணத்தைச் சோதிக்கிறார்கள்.

போட்டியை ஆரோக்கியமாகப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும், வெற்றியும் தோல்வியும் பெரிதில்லை என்று சொல்லித்தர வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். நல்ல பேச்சுத்தான். ஆனால் வீட்டில் பிறந்ததிலிருந்து விட்டுக்கொடுக்கப் பழகிய பெண்ணிடம் போய் ‘ஜெயிக்கணும்னு அவசியமில்ல’ என்றால் அவள் காதில் அது ஏற்கெனவே கேட்ட பாட்டாகவே விழும். அவளுக்கும், தோற்றால் மட்டையை உடைக்கிற அவள் தம்பிக்கும் ஒரே பாடம் பொருந்தாது. அவன் தோற்கக் கற்க வேண்டும். அவள் முதலில் முழு மூச்சோடு ஆடக் கற்க வேண்டும். சமன் என்பது இரண்டு பேரும் கடைசி வரை முழுதாக ஆடினால் மட்டுமே கிடைப்பது. ஒருத்தி கையைத் தளர்த்திவிட்டால் அது சமன் ஆகாது, தானம் ஆகிவிடும். நம் பெண்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித் தந்ததில்லை. சங்கச் செய்யுளில் சமம் என்ற சொல்லுக்குப் போர் என்றும் பொருள் உண்டு. அருஞ்சமம் என்றால் கடும் போர். வகுப்பில் அந்தச் சொல் வரும்போது நான் கொஞ்சம் நின்றுதான் போகிறேன்.

புறநானூற்றின் 62ஆம் பாட்டும் 63ஆம் பாட்டும் ஒரு சமனான போரைப் பற்றியவை. சேரன் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருநற்கிள்ளியும் பொருதார்கள், இருவருமே களத்தில் மாண்டார்கள். கழாத்தலையார் 62இல் களத்தைக் காட்டும்போது அவர்களுடைய பெண்களையும் காட்டுகிறார். கைம்மை நோன்பின் கீரையும் குளிர்ந்த நீரும் வேண்டாமென்று அவர்கள் இறந்தவர்களின் மார்பைத் தழுவிக் கிடந்துவிடுகிறார்கள். புலவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் அப்படிக் கடந்துபோக முடியாது. இரண்டு ஆண்களின் ஆட்டம் சமனில் முடிந்தது. ஆடாத பெண்கள் இரு பக்கத்திலும் தோற்றார்கள்.

66ஆம் பாட்டுக்கு வரும்போது காற்று மாறுகிறது. வெண்ணிக் குயத்தியார் பாடியது. குயவர் குலத்துப் பெண், வெண்ணி ஊர்க்காரி. அந்த ஊரின் புறத்திலேயே போர் நடந்திருக்கிறது. கரிகாலன் வென்றிருக்கிறான். எதிர்த்து நின்ற சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். குயத்தியார் வென்றவனை அழைத்து, அவன் முன்னோர் கடலில் கலம் செலுத்திய பெருமையெல்லாம் சொல்லி, வெற்றியையும் ஒப்புக்கொண்டு, கடைசியில் கேட்கிறார்: அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா? வென்ற அரசனின் முகத்துக்கு நேரே, மண் பிசைந்த கையோடு ஒரு பெண் கேட்கும் கேள்வி இது. வெற்றியை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வென்றது நீதான். மேலானவன் அவன். இரண்டும் வேறு வேறு கணக்கு. பிள்ளைகளுக்குப் போட்டியைப் பற்றிச் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

ஆனால் காளி கதையை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தால் ஒரு சொல் முள்ளாகக் குத்தும். சேரன் நாணினான், காளியும் நாணினாள். புறப்புண்ணுக்கு நாணிய ஆணுக்குப் புகழுலகம் கிடைத்தது, வென்றவனைவிட மேலானவன் என்ற பெயர் கிடைத்தது. கால் தூக்க நாணிய பெண்ணுக்குத் தோல்வியும் ஊர் எல்லையும் கிடைத்தன. அவள் நாணத்தைப் பார்த்து ‘நின்னினும் நல்லவள்’ என்று வென்றவரிடம் சொல்ல அங்கே ஒரு குயத்தி இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்குத் திருப்தியாக இருந்திருக்காது. நாணம் என்ற காரணமே அவளுடையதா, கதை எழுதியவர்களுடையதா என்ற கேள்வி அப்போதும் பாக்கி.

குயத்தியாருக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணை நிறுத்த வேண்டும். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததை ஊர் பார்க்கிறது. நக்கண்ணையார் அவனை விரும்பியவர். இந்தப் பாட்டுகளைக் கைக்கிளை என்று வகைப்படுத்தி, ‘ஒருதலைக் காமம்’ என்று குறிப்பெழுதி, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி முடித்துவிட்டோம். 83ஆம் பாட்டில் அவர் தாய்க்கு அஞ்சுகிறார், அவையோரை எண்ணி நாணுகிறார், ஒருபக்கம் நிற்காமல் இரண்டு பக்கமும் சாயும் ஊரைக் கடிந்துகொள்கிறார். 85ஆம் பாட்டில் ஊர் உண்மையிலேயே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அவனுக்கே வெற்றி என்கிறார்கள் ஒருசாரார், இல்லை என்கிறார்கள் மற்றவர்கள். நடுவர் கையிலிருந்து முடிவு வழுக்கிப் போன ஆட்டம். அங்கே நக்கண்ணையார் சண்டைக்குப் போகவில்லை. இரண்டு பேச்சும் நல்ல பேச்சே என்று கேட்டுக்கொள்கிறார். பிறகு சிலம்பு ஒலிக்க ஓடி, தன் வீட்டுப் பனையின் அடிமரத்தைச் சார்ந்து நின்று, நான் பார்த்தேன், வென்றது அவன்தான் என்கிறார்.

இதைக் காதல் என்று மட்டும் ஏன் வாசிக்க வேண்டும்? முதலில் நாணியவர், பிறகு ஓடிப்போய்ப் பார்த்து, ‘நான் கண்டேன்’ என்று தன் பெயரில் சாட்சி சொல்கிறார். களத்துக்குப் பக்கத்தில் இடமில்லாததால் பனைமரத்தடியில் நிற்கிறார். அவருக்குச் சார்பு இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. மாற்றுக் கருத்தைக் கெட்ட பேச்சு என்று தள்ளவும் இல்லை. விரும்பும் அணியின் சார்பில் பேசும்போது நம்மில் எத்தனை பேருக்கு இது முடிகிறது?

கிரிக்கெட் பார்க்கும் மாணவிகள் இந்த இடத்தில் என்னைவிட நன்றாகப் பேசுவார்கள். 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த ஆண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241 ஓட்டங்கள். சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. பிறகு பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்திடம் கோப்பையைக் கொடுத்தார்கள். “இதுதான் மேடம் கால் தூக்குறது” என்றாள் ஒரு மாணவி. ஏறக்குறைய சரி. ஒரு வித்தியாசம் உண்டு. அந்த விதி ஆட்டத்துக்கு முன்பே எழுதியிருந்தது, இரண்டு அணியாலும் பவுண்டரி அடிக்க முடியும். அப்படியிருந்தும் உலகம் அதை அநியாயம் என்றது, அந்த ஆண்டே விதியை நீக்கினார்கள். தில்லை விதியை நீக்கச் சொல்லி மனுப் போட இடமில்லை.

சென்னைச் சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 22 அன்று இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், 348 எடுக்க வேண்டிய இந்தியா 347இல் ஆட்டமிழந்து சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். டீன் ஜோன்ஸ், கபில் தேவ் இருவரும் ஆட்டநாயகர்கள். கடைசி ஆட்டக்காரரை அவுட் கொடுத்த நடுவர்மேல் அப்போதும் குறை சொன்னார்கள். ஆனாலும் அதை நேரில் பார்த்த மாமாக்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து ‘ஜெயிக்காமல் போனோம்’ என்று நான் கேட்டதில்லை.

2023 ஜூலை 22 மிர்பூர் ஆட்டத்தை அப்படி யாரும் சொல்வதில்லை. வங்கதேசப் பெண்கள் அணி 225. இந்தியப் பெண்கள் அணியும் மூன்று பந்துகள் மீதமிருக்க 225இல் ஆட்டமிழந்தது. தொடர் 1-1, கோப்பை இருவருக்கும். இந்தியத் தலைவி ஹர்மன்பிரீத் கௌர் தன்னை அவுட் கொடுத்தபோது மட்டையால் ஸ்டம்பை அடித்தார். பரிசளிப்பில் நடுவர்களைக் கடுமையாகக் குறை கூறினார். இரண்டு அணியும் கோப்பையோடு படமெடுக்க நின்றபோது நடுவர்களையும் கூப்பிடுங்கள் என்று குத்தலாகச் சொன்னதாகவும், வங்கதேசத் தலைவி நிகர் சுல்தானா தன் அணியை அழைத்துக்கொண்டு போய்விட்டதாகவும் செய்தி வந்தது. ஹர்மன்பிரீத்துக்கு இரண்டு ஆட்டங்கள் தடை.

அந்த நாட்களில் இரண்டு வகையான பேச்சுக் கேட்டது. ஒரு பெண் இப்படி நடக்கலாமா என்பது ஒன்று. ஆண்கள் செய்தால் ஆக்ரோஷம், பெண் செய்தால் திமிரா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி நியாயமானது, நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனமில்லை. நடுவர்மேல் கோபம் வரலாம், காளிக்கும் வந்தது. சமமாக ஆடிய எதிரணிப் பெண்களின் கோப்பையை அந்தக் கோபத்தில் சிறுமைப்படுத்தியது தவறு. அன்றைய ஆட்டத்தில் ஃபர்கானா ஹோக் 107 ஓட்டங்கள் எடுத்தார். ஒருநாள் ஆட்டத்தில் வங்கதேசப் பெண் ஒருவர் அடித்த முதல் நூறு அது. அதைப் பற்றி நம் பக்கத்தில் யார் பேசினார்கள்? பெரிய நாட்டின் அணிக்குச் சிறிய நாட்டோடு சமன் ஆவதே இழிவாகப் பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போது நாம் தில்லைக் கதையில் காளியின் இடத்தில் இல்லை. எதிர்ப்பக்கம் நிற்கிறோம்.

இதை என் மாணவிகள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மைதானத்தில் கபடி ஆடுகிற ஒருத்தி, “நடுவர் தப்புப் பண்ணா அங்கயே கேக்கணும், வீட்டுக்கு வந்து அழக் கூடாது” என்றாள். கேட்கத்தான் வேண்டும். யாரிடம், எந்தச் சொல்லில் என்பதுதான் மிச்சம்.

நான் செய்கிற வேலை சிறியது. காளி கதை, 66, 85 மூன்றையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வைக்கிறேன். பிறகு ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன்: நீங்கள் அந்தச் சபையில் இருந்திருந்தால், ஆட்டம் சமனில் நின்ற அந்த நேரத்தில் என்ன சொல்லியிருப்பீர்கள்? பலர் காளியை வெல்ல வைத்துவிடுவார்கள். அது சுலபம், நான் அதற்கு அதிக மதிப்பெண் போடுவதில்லை. சிலர் இருவரும் சேர்ந்து ஆடட்டும் என்பார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, “காலைத் தூக்கலாம்னு முதல்லயே ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கணும், அவளும் பழகிட்டு வந்திருப்பா” என்று எழுதியிருந்தாள். வேறு ஒரு தாளில், ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி, பார்த்தவர்கள் எல்லோரும் தாங்கள் கண்டதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது. நக்கண்ணையாரைப் படித்தவள்.

அந்த வகுப்புதான் இந்த ஆண்டு துறைக் கவிதைப் போட்டிக்கான விதிகளை எழுதியது. சமன் ஆனால் குலுக்கல் இல்லை, மூத்தவள் இளையவள் பேச்சு இல்லை, சான்றிதழ் இரண்டு அடிக்க வேண்டும். கோப்பைக்கு மட்டும் பணம் போதாததால் ஆறு மாதம் ஒருத்தி வீட்டில், ஆறு மாதம் மற்றவள் வீட்டில் என்று முடிவாயிற்று. முதல் ஆறு மாதம் யார் வீட்டில் என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.